பம்பரமாய்ச் சுற்றி விழும் விமானம்! விமானி தப்புவது எப்படி?

விமானம் மூக்கைக் கவிழ்த்தது. பம்பரம் போலச் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே தரையை நோக்கி விழுந்தது.

கீழே பலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விமானக் கலை அறிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் தரையில் நிற்பவர்கள் என்ன செய்ய முடியும்?

அது 1912-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி. இடம், இங்கிலாந்தில் உள்ள சால்ஸ்பரி சமவெளி. ராணுவத்துக்கு ஏற்ற விமானம் எது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது.

விமானத்தை ஓட்டியவர் வில்பிரட் பார்க். கடற்படை லெப்டினெண்டு. லீ பிரட்டன் என்ற ராணுவ அதிகாரியும் கூட இருந்தார். விமானம் "ஆவ்ரோ" கம்பெனி செய்தது. அந்தக் காலத்தில் விமானி திறந்த வெளியில்தான் உட்கார்ந்திருப்பார். காற்று முகத்தில் அறையும். இந்த விமானத்தில் மட்டும் ஆட்கள் உட்காரும் இடம் பெட்டி போல முழுவதும் மூடப்பட்டிருந்தது. அது அப்போது ஒரு புதுமை.

மூன்று மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது சோதனை. பார்க் அதை முடித்துவிட்டார். இறங்க வேண்டியதுதான் பாக்கி. சுமார் 700 அடி உயரத்தில் இடது பக்கமாக வட்டமிட்டு இறங்கினார். கொஞ்சம் செங்குத்தாக இறங்குவது போல அவருக்குத் தோன்றியது. விமானத்தின் மூக்கைத் தூக்கினார்.

அவ்வளவுதான். விமானம் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

தென்னை மர உயரம்

என்ஜினை முழு வேகத்தில் முடுக்கினார். பலன் இல்லை.

மூக்கை மேலே தூக்கப் பார்த்தார். பலன் இல்லை.

சுக்கானைத் திருப்பினார். எந்தப் பக்கம்? விமானம் இடது பக்கம் சுற்றியது. இவரும் இடது பக்கமே திருப்பினார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்து விமானிகள் நம்பினார்கள். சுழற்சி நிற்கவில்லை.

சுற்றிய வேகத்தில் அவர் உடம்பு வலது பக்கமாகத் தள்ளப்பட்டது. ஒரு கையால் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மறு கையால்தான் விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

தரை நெருங்கிவிட்டது. இன்னும் 50 அடிதான். நன்றாக வளர்ந்த ஒரு தென்னை மரத்தின் உயரம்!

தெரிந்த வழி எல்லாம் தீர்ந்துவிட்டது. பார்க் கடைசியாக ஒன்று செய்தார். இதுவரை செய்ததற்கு நேர்மாறாக, சுக்கானை முழுவதும் வலது பக்கம் தள்ளினார்.

சுழற்சி சட்டென்று நின்றது! விமானம் நிமிர்ந்தது. பார்க் அதைச் சமாளித்துத் தரையில் இறக்கினார். இருவருக்கும் காயம் இல்லை.

அதற்கு முன்னால் சுழலில் சிக்கியவர்கள் பெரும்பாலும் சாவைத்தான் கண்டார்கள். 1911-ல் ரேனம் என்ற விமானி ஒருவர் தப்பியிருந்தார். ஆனால் தாம் என்ன செய்து தப்பினோம் என்பது அவருக்கே தெரியவில்லை. பார்க் அப்படி அல்ல. சில நொடிகளில் தமது கையும் காலும் செய்த ஒவ்வொரு காரியத்தையும் நினைவில் வைத்திருந்தார். தரை இறங்கியதும் நிபுணர்களிடம் வரிசையாகச் சொன்னார். அது பத்திரிகையிலும் வெளிவந்தது. "பார்க்கின் பாய்ச்சல்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

பாவம், அவர் நெடுநாள் வாழவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி வேறொரு விமானம் விழுந்து இறந்தார்.

இறக்கைக்கு வரும் மயக்கம்

விமானம் ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்?

ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், காற்று கையை மேலே தூக்கும். (நீட்டக் கூடாது. ஆனால் சிறு வயதில் யார்தான் நீட்டவில்லை!) விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். சற்றே சாய்ந்து காற்றைச் சந்திப்பதால், அது விமானத்தைத் தாங்கி நிற்கிறது.

சாய்வைக் கூட்டினால் தூக்கும் சக்தியும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான சிறு விமானங்களில் அது சுமார் 15 டிகிரி. அதைத் தாண்டினால், இறக்கையின் மேல் பக்கம் வழுவழுவென்று ஓடிய காற்று கிழிந்து சிதறிவிடும். தூக்கும் சக்தி திடீரென்று குறையும். விமானிகள் இதை "ஸ்டால்" என்பார்கள். என்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம் அல்ல. என்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். மயக்கம் வந்தது இறக்கைக்கு!

இரண்டு இறக்கைகளுக்கும் ஒன்றுபோல மயக்கம் வந்தால் பெரிய ஆபத்து இல்லை. மூக்கு கீழே சாயும். வேகம் பிடிக்கும். மறுபடி பறக்கலாம்.

ஒரு இறக்கைக்கு அதிகமாகவும், மற்றதற்குக் குறைவாகவும் வந்தால்தான் வினை. விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஸ்டால் ஆனால் இப்படி நேரும். ஒரு இறக்கை கீழே விழும். விழும் இறக்கை காற்றை இன்னும் அதிகச் சாய்வில் சந்திக்கும். ஆகவே அதன் மயக்கம் இன்னும் கூடும். அதோடு காற்று அதைப் பின்னுக்கும் இழுக்கும். மேலே போகும் இறக்கைக்குச் சாய்வு குறைவு. அதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும். ஒன்று விழ, மற்றது தூக்க, விமானம் சுற்றத் தொடங்குகிறது. சுற்றச் சுற்ற அந்த வித்தியாசமே அதை மேலும் சுற்ற வைக்கிறது. யாரும் சாட்டை போட வேண்டியதில்லை. பம்பரம் தானே சுற்றும்!

இதில் ஒரு விந்தை உண்டு. சுழலில் விழும் விமானத்தின் வேக முள் அதிக வேகம் காட்டாது. குறைந்த வேகத்திலேயே நிற்கும். காரணம், விமானம் பறக்கவில்லை, விழுகிறது. ஆனால் உயர முள்ளைப் பார்த்தால் கதி கலங்கும். பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். அந்த ஒரு சுற்றில் சுமார் 500 அடி கீழே போய்விடும். நீங்கள் இந்தப் பாராவைப் படித்து முடிப்பதற்குள் பல ஆயிரம் அடி போயிருக்கும்!

கை செய்யும் துரோகம்

விழும் மனிதனுக்கு என்ன தோன்றும்? மேலே போக வேண்டும் என்று தோன்றும். விமானியின் முன்னால் ஒரு கைப்பிடிக் கோல் இருக்கிறது. அதைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும் என்று அவர் முதல் நாளே படித்திருக்கிறார். ஜன்னல் முழுவதும் தரை சுற்றுகிறது. கை தானாகக் கோலை இழுக்கிறது.

இழுத்தால் இறக்கையின் சாய்வு கூடும். மயக்கம் தெளியாது. சுழல் நிற்காது.

கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, தாழ்ந்த இறக்கையைத் தூக்கப் பார்ப்பதும் இயற்கை. அதுவும் பல விமானங்களில் கெடுதலாகவே முடியும். தாழ்ந்த இறக்கை இன்னும் அதிகமாகப் பின்னுக்கு இழுக்கப்படும். சுழல் வலுக்கும். என்ஜினை முடுக்கினாலும் பெரும்பாலும் மூக்கு தூக்கிக்கொண்டு சுழல் மோசமாகும். பார்க் முதலில் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வேண்டுமென்றே சுழலுக்குள் போனவர்கள்

சுழலில் தப்பியவர் ஒருவர் இருந்தால் போதாது. வேண்டுமென்றே அதற்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா?

ஹாரி ஹாக்கர் என்ற ஆஸ்திரேலியர் 1914-ல் இங்கிலாந்தில் சுழலில் சிக்கி மரங்களின் மேல் விழுந்தார். உயிர் பிழைத்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். ஹாக்கர் மறுபடி மேலே போய், சுழலை வரவழைத்து, மீண்டு வந்தார்!

முதல் உலகப் போரின்போது "எப்.இ.8" என்ற விமானத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. சுழலில் விழுந்தால் மீளாது என்று விமானிகள் பயந்தார்கள். 1916-ல் பிராங்க் கூடன் என்ற சோதனை விமானி அதை மேலே கொண்டுபோனார். இடது பக்கமும் சுழல விட்டார். வலது பக்கமும் சுழல விட்டார். ஒவ்வொரு முறையும் மீட்டுக் காட்டினார். பயம் போயிற்று.

அடுத்து வந்தவர் விமானியே அல்ல, விஞ்ஞானி. பெயர் லிண்டெமன். பார்ன்பரோவில் இருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. ஆனாலும் பிடிவாதமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1917-ல் தனியாக மேலே போய், விமானத்தைச் சுழலில் தள்ளினார். சுற்றும்போது கருவிகளின் முள் காட்டிய எண்களை எல்லாம் மனப்பாடம் செய்தார். தரைக்கு வந்ததும் எழுதினார். சுழலில் நடப்பது என்ன என்பதற்குக் கணக்குக் கிடைத்தது.

சுழலில் இருந்து முதன்முதல் மீண்டவர் இவரே என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. முன்னால் பார்க்கும் ஹாக்கரும் கூடனும் இருக்கிறார்கள். முதன்முதல் அளந்தவர் என்று சொன்னால் பொருந்தும். பிற்காலத்தில் இவர் பிரபு ஆனார். இரண்டாம் உலகப் போரில் பிரதமர் சர்ச்சிலுக்கு விஞ்ஞான ஆலோசகராகவும் இருந்தார்.

வழி தெரிந்ததும் போர் விமானிகள் அதைத் தந்திரமாகவே பயன்படுத்தினார்கள். எதிரி சுடும்போது வேண்டுமென்றே சுழலில் விழுவார்கள். சுற்றி விழும் விமானத்தைக் குறி பார்த்துச் சுடுவது கஷ்டம். "செத்தான்" என்று எதிரி நினைத்துப் போய்விட்டால், கீழே வந்து விமானத்தை நேராக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்!

இப்போது என்ன செய்கிறார்கள்?

இன்றும் அதே வழிதான். முதலில் என்ஜின் வேகத்தை முழுவதும் குறைக்க வேண்டும். கைப்பிடிக் கோலைப் பக்கவாட்டில் எங்கும் சாய்க்காமல் நடுவில் வைக்க வேண்டும். பிறகு சுழலுக்கு எதிர்ப் பக்கத்தில் உள்ள கால் மிதியை அடிவரை அழுத்த வேண்டும். வாலில் உள்ள சுக்கானை அந்த மிதிதான் திருப்புகிறது. அடுத்தது, கோலை முன்னால் தள்ள வேண்டும்.

கோலை முன்னால் தள்ளுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். மூக்கு ஏற்கெனவே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் கீழே தள்ளுவதா? ஆம். தள்ளினால்தான் இறக்கையின் சாய்வு குறையும். காற்று மறுபடி ஒட்டி ஓடும். மயக்கம் தெளியும்.

சுழல் நின்றதும் காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மறு பக்கம் சுழலத் தொடங்கிவிடும்! பிறகு, வேகமாகக் கீழே பாயும் விமானத்தை மெல்ல நிமிர்த்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மறுபடி ஸ்டால் ஆகும். இறக்கை முறியவும் கூடும்.

இது எல்லா விமானங்களுக்கும் அச்சடித்தது போல ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொரு விமானத்துக்கும் கையேடு உண்டு. அதில் சொல்லியபடியே செய்ய வேண்டும்.

உயரம் இருந்தால் இவ்வளவும் செய்யலாம். உயரம் இல்லாவிட்டால்? சிறு விமானங்கள் சுழலில் விழுந்து நொறுங்குவது பெரும்பாலும் நடு வானத்தில் அல்ல. விமான நிலையத்தின் பக்கத்தில்தான். இறங்குவதற்காக விமானி தாழ்வாகவும் மெதுவாகவும் வருகிறார். ஓடுபாதைக்கு நேராகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விடுகிறார். அவசரமாகச் சுக்கானை அழுத்தித் திருப்புகிறார். மூக்கு சாய்கிறது. கோலை இழுக்கிறார். சுழலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவரே செய்துவிடுகிறார். சில நூறு அடியில், மீளும் வழி தெரிந்திருந்தும் பயன் இல்லை. அங்கே தேவை வராமல் காப்பதுதான்.

அதனால்தான் அமெரிக்காவில் 1949-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். சாதாரண விமானி சுழலில் விழுந்து மீண்டு காட்ட வேண்டும் என்ற விதியை நீக்கினார்கள். ஸ்டால் வராமல் தடுப்பதைக் கற்றுக் கொடுத்தால் போதும் என்றார்கள். விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்கள் மட்டும் அந்தப் பயிற்சி பெற வேண்டும். இது சரியா தப்பா என்று விமானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். நல்ல உயரத்தில், நல்ல ஆசிரியருடன், ஒரு முறையாவது சுழன்று பார்த்தவருக்குத் திகைப்புக் குறையும் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

மூக்கே சாயாத சுழல்

சுழலில் கொடியது ஒன்று உண்டு. அதில் மூக்கு கீழே சாயாது. விமானம் தட்டு வைத்தது போலப் படுத்தவாறே சுற்றி விழும். காற்று அடியிலிருந்து மோதும். வாலில் உள்ள சுக்கானுக்கு நல்ல காற்றுக் கிடைக்காது. மிதியை அழுத்தினாலும் கேட்காது. விமானத்தின் பின் பக்கம் பாரம் அதிகமாக இருந்தால் இந்த ஆபத்து கூடும். மூட்டைகளை இஷ்டப்படி பின்னால் அடைக்கக் கூடாது என்று சிறு விமானக்காரர்கள் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

ஆர்ட் ஷோல் அமெரிக்காவில் புகழ் பெற்ற சாகச விமானி. 1985 செப்டம்பரில் "டாப் கன்" என்ற சினிமாவுக்காகக் காமிராவுடன் பறந்தார். படம் பிடிப்பதற்காகச் சுழலில் இறங்கினார். மீளவில்லை. விமானம் கலிபோர்னியாக் கடலில் விழுந்தது. காரணம் என்ன என்பது கடைசி வரை தெரியவில்லை.

யீகரின் கதை வேறு. ஒலியின் வேகத்தை முதன்முதல் மிஞ்சிப் பறந்தவர் அவர். 1953 டிசம்பர் 12-ந் தேதி ராக்கெட் விமானத்தில் ஒலியைப் போல 2.4 மடங்கு வேகத்தில் பறந்தார். விமானம் திடீரென்று தாறுமாறாக உருண்டது. ஒரு நிமிஷத்துக்குள் சுமார் 50,000 அடி விழுந்தார்! தலைக் கவசம் மோதிக் கண்ணாடி விரிசல் விட்டது. கடைசியில் விமானம் சாதாரணச் சுழலுக்கு வந்தது. சாதாரணச் சுழல் என்றால் யீகருக்குத் தெரியுமே! சுமார் 25,000 அடியில் மீட்டு, பத்திரமாகத் தரை இறக்கினார்.

இப்படி உயிரைப் பணயம் வைக்காமலே சோதிக்க வழி உண்டு. அமெரிக்காவில் லாங்லி என்ற இடத்தில் 1941-ல் ஒரு காற்றுக் கூண்டு கட்டினார்கள். 20 அடி அகலம். அதில் காற்று கீழேயிருந்து மேலே வீசும். விமானத்தின் சிறு பொம்மையை ஒருவர் கையால் சுழற்றி அதற்குள் வீசுவார். பொம்மை விழவும் செய்யாது, மேலே போகவும் செய்யாது. நின்ற இடத்திலேயே சுற்றும். அது எப்படி மீள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நிஜ விமானத்தைப் பறக்க விடுவார்கள். அப்போதும் சோதனை விமானத்தின் வாலில் ஒரு சிறு பாராசூட் கட்டியிருப்பார்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் அது விரிந்து வாலை இழுத்துப் பிடிக்கும்.

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செய்த ஜெட் பயிற்சி விமானத்துக்குச் சுழல் பெரிய தலைவலியாக இருந்தது. பல ஆண்டு தாமதம். வாலையும் சுக்கானையும் பின்னுக்குத் தள்ளி அமைத்தார்கள். 2019-ல் மறுபடி பறக்க விட்டார்கள். 2022-ல் இடமும் வலமும் ஆறு ஆறு சுற்றுச் சுழன்று மீண்டு காட்டியது.

நாம் டிக்கெட் வாங்கிப் போகும் பெரிய விமானங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்டால் நெருங்கும்போதே எச்சரிக்கும் கருவிகள் அவற்றில் உண்டு. பலவற்றில் விமானியின் கைப்பிடியே நடுங்கும். "மூக்கைத் தாழ்த்து" என்பது அதன் பொருள்.

ஆள் இல்லாமல் இறங்கியது!

சுழல் கதைகளில் வேடிக்கையானது ஒன்று பாக்கி இருக்கிறது.

1970 பிப்ரவரி 2-ந் தேதி. அமெரிக்காவில் மாண்டானா மாநிலம். விமானப்படை விமானி கேரி பவுஸ்ட் "எப்-106" என்ற போர் விமானத்தில் போர்ப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். விமானம் படுத்த சுழலில் விழுந்தது. தெரிந்ததை எல்லாம் செய்தார். வாலில் இருந்த பாராசூட்டை விரித்தார். அது வாலைச் சுற்றிக்கொண்டது. 15,000 அடிக்கு வந்ததும், இனி முடியாது என்று விமானத்தை விட்டு வெளியே குதித்தார். ஆசனம் வெடிப்பு வேகத்தில் அவரை வெளியே வீசியது.

அடுத்த நொடி விமானத்தின் சுழல் நின்றது!

ஆசனம் பாய்ந்த வேகத்திலும், ஆள் பாரம் குறைந்ததிலும் மூக்கு கீழே சாய்ந்துவிட்டது. இறக்கை உயிர் பெற்றது. ஆள் இல்லாத விமானம் தானாகப் பறந்து போயிற்று. பாராசூட்டில் தொங்கியபடி பவுஸ்ட் அதைப் பார்த்தார். "திரும்பிப் போய் ஏறிக்கொள்ளும்" என்று கூடப் பறந்த விமானி ஒருவர் ரேடியோவில் கேலி செய்தாராம்.

பிக் சேண்டி என்ற ஊர்ப் பக்கம், பனி மூடிய வயலில் அது வயிற்றால் வழுக்கி இறங்கியது. என்ஜின் நிற்கவில்லை. ஊர் போலீஸ் அதிகாரி வந்து பார்த்தார். விமானம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது! விமான தளத்துக்குப் போன் செய்து, என்ன செய்வது என்று கேட்டார். "எண்ணெய் தீரட்டும், விட்டுவிடுங்கள்" என்று சொன்னார்கள். தீர 1 மணி 45 நிமிஷம் ஆயிற்று.

மலைப் பகுதியில் இறங்கிய பவுஸ்டை உள்ளூர்க்காரர்கள் பனியில் ஓடும் வண்டிகளில் போய் மீட்டு வந்தார்கள். விமானத்துக்கு அதிகச் சேதம் இல்லை. பழுது பார்த்து மறுபடி படையில் சேர்த்தார்கள். "சோளக்கொல்லைக் குண்டுவீச்சு விமானம்" என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது குண்டுவீச்சு விமானமே அல்ல, சண்டை விமானம். பட்டப்பெயருக்கு நியாயம் யார் பார்க்கிறார்கள்?

இப்போது அது ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகே, அமெரிக்க விமானப்படையின் பொருட்காட்சிச் சாலையில் நிற்கிறது. அங்கே போவதற்கு முன், சில ஆண்டுகள் கழித்து, அந்த விமானத்தை மறுபடி ஒரு முறை ஓட்டும் வாய்ப்பு பவுஸ்டுக்கே கிடைத்தது. அந்தத் தடவை அவர் குதிக்கவில்லை. இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.